சொல் தேவை: ஒரு கோப்பு எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்ல

வியாசர்பாடி, கணினி ஆசிரியை:

அனைவருக்கும் வணக்கம். சனிக்கிழமை மாலைக்குள் ஒரு சொல் வேண்டும். அன்றைக்குத்தான் கையேடு ஜெராக்ஸ் கடைக்குப் போகிறது.

மாலை வகுப்புப் பிள்ளைகளுக்கு டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்துக்குப் பொதி கட்டச் சொல்லித் தருகிறேன். பொதி என்றால் ஒரு மென்பொருளை நிறுவத் தேவையான கோப்புகளின் மூட்டை. எடுத்துக்கொண்டது ஒரு சின்ன சொல்திருத்தி. உள்ளே நிரல், சொற்பட்டியல், லோகித் தமிழ் எழுத்துரு, ஒரு சின்னம், பிழை வந்தால் டங் என்று அடிக்க ஓர் ஒலிக்கோப்பு. டெபியன் பொதி எதை நிறுவினாலும் யுஎஸ்ஆர், ஷேர், டாக் என்று இறங்கிப் போனால் பொதியின் பெயரில் ஒரு கோப்புறை இருக்கும், அதற்குள் காப்பிரைட் என்று ஒரு கோப்பு இருக்கும். உரிமத்தை மட்டும் அதில் எழுதினால் போதாது. மூல நிரலை எங்கிருந்து எடுத்தோம் என்றும் சொல்லியாக வேண்டும் என்பது டெபியன் கொள்கை. பிள்ளைகள் எழுதிக் கொடுத்தது இது:

சொற்பட்டியல் – உரிமம்: ஃப்ரீ – எங்கிருந்து: வாட்ஸ்அப்
சின்னம் – உரிமம்: தெரியாது – எங்கிருந்து: கூகுள்
ஒலி – உரிமம்: நம்மளுது – எங்கிருந்து: அண்ணன் போன்

'எங்கிருந்து' என்ற இந்த மூன்றாவது பத்திக்குத்தான் தலைப்பு வேண்டும். ஆங்கிலத்தில் ப்ராவனன்ஸ் என்கிறார்கள். பலகையில் 'மூலம்' என்று எழுதினேன், வகுப்பே சிரித்துவிட்டது. ரயில் பெட்டியில் 'மூலம், பௌத்திரம்' நோட்டீஸைப் படித்துக்கொண்டே வருகிற பிள்ளைகள், வேறென்ன செய்வார்கள்?

திருவொற்றியூர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

அம்மா, நோட்டீசுக்குப் பயந்து சொல்லை விடுவதென்றால் தமிழில் பாதிச் சொல் மிஞ்சாது. ஆனாலும் மூலம் வேண்டாம் என்பதே என் கருத்தும், காரணம் வேறு. அது வடசொல். 'தோற்றுவாய்' இருக்கிறது. தோன்று தன்வினை, தோற்று பிறவினை. கோப்பு தானாகத் தோன்றுவதில்லை, ஒருவர் தோற்றுவிக்கிறார். வாய் என்பது இடப்பொருள் உருபு. நன்னூலில் 'கண்கால் கடையிடை தலைவாய்' என்று தொடங்கும் பட்டியலில் இருக்கிறது. இதைவிடப் பொருத்தமாக எது அமையும்?

பெரம்பூர், பொதி பராமரிப்பவர்:

ஐயா, பழைய புத்தகங்களில் தோற்றுவாய் என்றால் முன்னுரை. நூலகத்தில் எடுத்துப் பாருங்கள், முதல் பக்கத்திலேயே அந்தத் தலைப்பு இருக்கும். அது ஒரு பக்கம் இருக்கட்டும். சொல் தேடுவதற்கு முன் எதற்குத் தேடுகிறோம் என்பதைப் பிரித்துக்கொள்வோம்.

யார் எழுதியது என்பது ஒன்று. அது உரிமையாளர் பெயர், அதற்குத் தனிப் புலம் இருக்கிறது. எந்தத் திட்டத்திலிருந்து வருகிறது என்பது இன்னொன்று. நாங்கள் அப்ஸ்ட்ரீம் என்போம். இந்தக் குறிப்பிட்ட பைட்டுகள் எந்த இடத்திலிருந்து, யார் கை வழியாக, என்ன மாற்றத்தோடு என்னிடம் வந்தன என்பது மூன்றாவது. டீச்சர் கேட்பது இந்த மூன்றாவதை. இதற்கு மூலம் என்று வைத்தால் மூலநிரலோடு மோதும், அதுதான் உண்மையான சிக்கல்.

எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்க மென்பொருளின் விவகாரம் நினைவிருக்கும். 2024 மார்ச் 29 அன்று ஆண்ட்ரெஸ் ஃப்ராயண்ட் என்ற மென்பொறியாளர் அதை அம்பலப்படுத்தினார். தொலைவில் உள்ள கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச்சில் உள்நுழைவு அரை நொடி தாமதமானதைக் கவனித்துத் தோண்டியவர். 5.6.0, 5.6.1 ஆகிய இரண்டு வெளியீடுகளிலும் கள்ளக் கதவு. அதைத் திறந்துவிடும் பில்ட்-டு-ஹோஸ்ட் என்ற எம்4 கோப்பு, நிரல் மாற்றங்கள் எல்லாரும் பார்க்கப் பதிவாகும் கிட் களஞ்சியத்தில் கிடையாது. வெளியீட்டுக்காகக் கட்டிய டார் என்ற தொகுப்புக் கோப்பில் மட்டும் இருந்தது. அந்த டார் கோப்பைக் கையில் வைத்துக்கொண்டு மூலம் எது என்று கேட்டால் 'அந்தத் திட்டம்தான்' என்று எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு சொல்வோம். எந்த வழியாக வந்தது என்று கேட்டால்தான் கிட்டும் டாரும் ஒன்றல்ல என்பது தெரியவரும்.

மாதவரம், பூர்வீகம் தஞ்சை:

அப்ஸ்ட்ரீமுக்கு ஊரிலேயே சொல் இருக்கிறதே. தலைமடை, கடைமடை. தலைமடையில் கலங்கினால் கடைமடைக்கும் கலங்கல்தான். டெபியன் தலைமடை என்றால் அதிலிருந்து உருவான உபுண்டு கடைமடை. முடிந்தது வேலை.

வியாசர்பாடி, கணினி ஆசிரியை:

சார், அழகாக இருக்கிறது. ஆனால் எங்கள் தெருவுக்குத் தண்ணீர் லாரியில் வருகிறது. மடை என்றால் என்ன என்பதற்கே ஒரு வகுப்பு எடுக்க வேண்டும். அதோடு பெரம்பூர் தம்பி சொன்ன இரண்டாவதுக்குத்தான் அது பொருந்துகிறது, மூன்றாவதுக்கு இல்லை.

பாரிமுனை, சுங்க முகவர் அலுவலகம்:

இந்தக் கேள்வி எங்களுக்குத் தினசரி வேலை. சீனாவில் செய்த சரக்கு கொழும்பில் கப்பல் மாறிச் சென்னைத் துறைமுகத்துக்கு வருகிறது. ஏற்றிய துறைமுகம் கொழும்பு என்று தாளில் இருக்கும். அதற்காகச் சரக்கு இலங்கைச் சரக்கு ஆகிவிடாது. உற்பத்தி நாடு சீனாதான், வரி அதைப் பார்த்துத்தான். உங்கள் பிள்ளைகள் எழுதிய வாட்ஸ்அப்பும் கூகுளும் கொழும்பு மாதிரி. கப்பல் மாறிய இடம், அவ்வளவே. எனவே 'பூர்வீகம்' என்று வையுங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் புரியும். மேலே மாதவரம் நண்பரே போட்டிருக்கிறார் பாருங்கள்.

வியாசர்பாடி, கணினி ஆசிரியை:

புரியும் என்பதுதான் பிரச்சினையே. 'உன் பூர்வீகம் எது' என்று கேட்டால் அடுத்து என்ன கேள்வி வரும் என்று என் வகுப்பில் எல்லாப் பிள்ளைக்கும் தெரியும். வீடு பார்க்கப் போன இடத்தில் கேட்டிருப்பார்கள், வேலைக்குப் போன இடத்தில் கேட்டிருப்பார்கள். கணினி வகுப்பிலும் அதைத் தலைப்பாக வைக்க எனக்கு மனமில்லை. மன்னிக்கவும் ஐயா.

கொழும்பு உதாரணத்தை மட்டும் கையேட்டில் சேர்த்துக்கொள்கிறேன்.

கொருக்குப்பேட்டை, கல்லூரி மாணவர்:

தாய்ப்பத்திரம்? மனை வாங்கும்போது முதலில் அதைத்தானே கேட்கிறார்கள். யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று சங்கிலி முழுக்கத் தெரியும். நடுவில் ஒரு கண்ணி விட்டுப்போனால் வில்லங்கம். எக்ஸ்இசட்டில் நடந்தது சுத்தமான வில்லங்கம்.

பெரம்பூர், பொதி பராமரிப்பவர்:

சங்கிலி என்ற கருத்துக்கு நூற்றுக்கு நூறு. ஆனால் பத்திரம் என்பது ஆவணம். நமக்கு வேண்டியது அந்த ஆவணம் சொல்லும் விஷயம். 'வில்லங்கம்' என்பதை எனக்குக் கொடுங்கள், பாதுகாப்புப் பட்டியலில் பயன்படும்.

திருவொற்றியூர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

இரவு தூக்கம் வராமல் நன்னூலைப் புரட்டினேன். நாம் சுற்றிச் சுற்றித் தேடுவது பாயிரத்தில், அதாவது நூல் முகவுரைக்கான இலக்கணத்தில், உட்கார்ந்திருக்கிறது.

ஆக்கியோன் பெயரே வழியே எல்லை
நூற்பெயர் யாப்பே நுதலிய பொருளே
கேட்போர் பயனோ டாயெண் பொருளும்
வாய்ப்பக் காட்டல் பாயிரத் தியல்பே

இதில் இரண்டாவதாக நிற்கும் 'வழி' என்ன? இந்நூல் எந்த நூலின் வழியாக வந்தது என்பது. ஆக்கியோன் பெயர் வேறு, வழி வேறு என்று பவணந்தியார் அன்றைக்கே இரண்டையும் பிரித்து வைத்துவிட்டார். தம்பி முதலாவது, மூன்றாவது என்று பிரித்ததும் அதைத்தானே? காலம், களன், காரணம் என்று மூன்றைச் சேர்த்துச் சொல்வாரும் உண்டு என அடுத்த நூற்பா. எப்போது, எந்த அவையில், எதற்காக. இதைவிட முழுமையான படிவம் எந்தக் கணினிக்காரரிடம் இருக்கிறது?

தொல்காப்பியப் பாயிரத்தையும் பாருங்கள். பனம்பாரனார் 'முந்துநூல் கண்டு முறைப்பட எண்ணி' என்கிறார். அப்ஸ்ட்ரீமுக்கு 'முந்துநூல்'. மரபியலில் வழிநூல் நான்கு வகை: தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்த்து அதர்ப்பட யாத்தல். நீங்கள் செய்யும் பொதி வேலை முதல் வகை. சுருங்கச் சொன்னால், காப்பிரைட் கோப்பு என்பது சிறப்புப் பாயிரம். 'பாயிரம் இல்லது பனுவல் அன்றே.'

பெரம்பூர், பொதி பராமரிப்பவர்:

ஐயா, கைகொடுங்கள்! புதுப் பொதி டெபியனுக்குள் நுழையும் முன் அதைப் பரிசீலிக்கும் குழுவினர் காப்பிரைட் கோப்பை வரிவரியாகப் பார்ப்பார்கள். குறை இருந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். 'அதங்கோட்டு ஆசாற்கு அரில்தபத் தெரிந்து' என்று நீங்கள் சொன்ன பாயிரத்திலேயே வருகிறதே, தொல்காப்பியர் நூலைக் குறை நீங்கக் கேட்ட ஆசான், அந்த வேலைதான். எங்கள் குழுவில் இனி அவர்களுக்குப் பெயர் அதங்கோட்டாசான்.

ஆனால் தனியாக 'வழி' என்று பத்தித் தலைப்பு வைத்தால் நிற்குமா? 'வழி: இல்லை' என்று ஒரு பிள்ளை எழுதினால் பாவமாக இருக்காதா? 'வந்தவழி' என்று வைக்கலாம் என்பது என் யோசனை. கோப்பு வந்தவழி. வந்தவழி தெரியாத கோப்பு. சொல்லிப் பார்த்தால் வாயில் நிற்கிறது.

ஒரு சங்கதி, மறந்துவிடக் கூடாது. கோப்புக்குள் ஃபைல்ஸ், காப்பிரைட், லைசென்ஸ், சோர்ஸ் ஆகிய புலப்பெயர்களை இயந்திரம் படிக்கிறது. அவற்றைத் தொடக் கூடாது, தொட்டால் பொதியைச் சோதிக்கும் லின்டியன் நிரல் கத்தும். சோர்ஸ் புலத்தின் மதிப்பு மட்டும் கட்டற்ற உரை, கோப்பும் தமிழ் எழுத்தை ஏற்கும் யுடிஎஃப்-8 குறியாக்கம். அங்கே தமிழிலேயே எழுதினாலும் வடிவம் தடுக்காது.

திருவொற்றியூர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

வந்தவழி என்பது பெயரெச்சத் தொடர். கலைச்சொல் தொடராக இருக்கலாகாது. 'வருவழி' என்று வினைத்தொகை ஆக்குங்கள். வந்த, வருகிற, வரும் என மூன்று காலமும் அடங்கும். நாளை வரப்போகும் திருத்தங்களுக்கும் பொருந்தும். ஊறுகாய், சுடுசோறு என்று பேசுகிற மக்களுக்கு வருவழி கடினமா?

எண்ணூர், மொழியியல் ஆய்வு மாணவி:

ஐயா, உங்கள் தொல்காப்பியத்தை வைத்தே மறுக்கிறேன். வினையியலில் 'பின்முன் கால்கடை வழியிடத்து' என்று வினையெச்ச ஈறுகளைச் சொல்கிறார். அங்கே வழி என்பது 'போது'. உரையாசிரியர்கள் 'இவ்வாறு வந்தவழி' என்று எழுதினால் 'இப்படி வரும்போது' என்று பொருள். வருவழியும் அதே கதி. இலக்கணம் படித்தவர் ஒருவர் 'கோப்பு வந்தவழி' என்பதைப் பார்த்தால் 'கோப்பு வந்தபோது, சரி, அப்புறம் என்ன ஆச்சு?' என்றுதான் கேட்பார்.

பாரிமுனை, சுங்க முகவர் அலுவலகம்:

அப்படி எத்தனை பேர் டெபியன் பொதி கட்டுகிறார்கள் தங்கச்சி?

எண்ணூர், மொழியியல் ஆய்வு மாணவி:

ஒருவர். நான்.

திருவொற்றியூர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

மகள் நன்றாகப் பிடித்தாள். ஆனால் வழி என்ற சொல்லின் வேரைப் பார்த்தால் ஐயம் தீரும். வழிதல் என்றால் நிரம்பி ஒழுகுதல். நீர் வழிந்த தடம் வழி. வழித்தோன்றல், வழிவழி என்னும்போது மரபு. ஒருவர் முன்மொழிந்ததைப் பின்பற்றினால் வழிமொழிதல். ஒழுகு, தடம், மரபு, பின்பற்றல் நான்கும் ஒரே சொல்லில் இருக்கின்றன. ஆகவே மாதவரத்தாரின் மடையும் இதற்குள் அடக்கம்.

மாதவரம், பூர்வீகம் தஞ்சை:

என் மடையை நீங்கள் விழுங்கியதை நான் ஒப்பவில்லை. 'மொழிப்பொருட் காரணம் விழிப்பத் தோன்றா' என்று தொல்காப்பியரே சொல்லிவிட்டார், நீங்கள் வழிதலிலிருந்து வழியைக் கொண்டுவருகிறீர்கள். வழுக்குவதிலிருந்து வந்திருக்கக் கூடாதா? காவிரிக் கரையில் வழுக்காத வழி நான் பார்த்ததில்லை.

கொருக்குப்பேட்டை, கல்லூரி மாணவர்:

நாளைக்குச் சனிக்கிழமை.

வியாசர்பாடி, கணினி ஆசிரியை:

ஆமாம் தம்பி, அதனால் சொல்லிவிடுகிறேன். கையேட்டில் 'வந்தவழி' என்று போடுகிறேன். இன்று மாலை ஒரு பையனிடம் விளக்கம் எதுவும் தராமல் 'இந்தக் கோப்பின் வந்தவழி எழுது' என்றேன். அண்ணன் போன் என்பதை அடித்துவிட்டு, அண்ணனுக்குப் போன் போட்டான். அது ஏதோ படத்திலிருந்து வெட்டியதாம். ஒலியைப் பொதியிலிருந்து எடுத்துவிட்டோம். ஒரு டம்ளரை ஸ்பூனால் தட்டி நாங்களே பதிவு செய்துகொண்டோம். இப்போது அந்த வரியில் 'வந்தவழி: வகுப்பறையில் பதிவு செய்தது, மாற்றம் இல்லை' என்று இருக்கிறது. சொற்பட்டியல்தான் இன்னும் வாட்ஸ்அப்பில் நிற்கிறது. அனுப்பியவருக்கு அனுப்பியவரைத் தேடிக்கொண்டிருக்கிறோம். கிடைக்காவிட்டால் அதையும் எடுத்துவிட்டு வேறு பட்டியல் பார்க்க வேண்டியதுதான்.

பெரம்பூர், பொதி பராமரிப்பவர்:

வழிமொழிகிறேன். சொற்பட்டியலை அகராதி எதிலிருந்தாவது அப்படியே எடுத்திருந்தால் விட்டுவிடுங்கள், அதங்கோட்டாசான் விடமாட்டார்.

பாரிமுனை, சுங்க முகவர் அலுவலகம்:

வழிமொழிகிறேன். பூர்வீகம் நல்ல சொல்தான், டீச்சர் சொன்ன காரணத்துக்காக விட்டுக்கொடுக்கிறேன்.

எண்ணூர், மொழியியல் ஆய்வு மாணவி:

வேறு கிடைக்கும்வரை சரி.

மாதவரம், பூர்வீகம் தஞ்சை:

அப்ஸ்ட்ரீமுக்கு இன்னும் முடிவாகவில்லை. தலைமடையா, முந்துநூலா?

திருவொற்றியூர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

என் மறுப்பு பதிவாகட்டும். பெயரெச்சத் தொடரைக் கலைச்சொல்லாக ஏற்க என்னால் இயலாது. அம்மா, கையேட்டில் 'வந்தவழி' என்றே அச்சிடுங்கள். அடிக்குறிப்பில் 'வருவழி என்பாரும் உளர்' என்று ஒரு வரி போட்டால் போதும். முந்துநூல் பற்றி மாதவரத்தாருக்குத் தனியே விரிவாக எழுதுகிறேன், கொஞ்சம் நீளும்.