போர்ப் பலகை ஆட்டங்கள்: தனியாக ஆடியதும் ஆளோடு ஆடியதும்

வரலாற்றுப் போர்களை வைத்து வந்த பலகை ஆட்டங்களில் உங்கள் மனதில் நின்றுபோன ஓர் ஆட்டத்தைச் சொல்லுங்கள். தனியாக ஆடியதா, எதிரே ஆள் இருந்ததா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். தோற்ற கதை என்றால் இன்னும் நல்லது. நானே ஆரம்பிக்கிறேன்; ஒவ்வொரு நட்சத்திரக் குறிக்குப் பிறகும் அடுத்தவர் எழுதலாம்.

என்னுடையது 'பி-17: குயின் ஆஃப் தி ஸ்கைஸ்'. அவலான் ஹில் 1983-இல் வெளியிட்ட பதிப்பு. என் கைக்கு வந்தபோது பெட்டியின் நாலு மூலையும் கிழிந்து, செலோடேப் ஒட்டி இருந்தது. ஒருவர் மட்டுமே ஆடும் ஆட்டம் இது. இரண்டாம் உலகப்போரில் இங்கிலாந்திலிருந்து ஓர் அமெரிக்கக் குண்டுவீச்சு விமானம் கிளம்பும். உள்ளே பத்துப் பேர். 25 முறை போய்த் திரும்பிவிட்டால் ஊருக்குப் போகலாம். ஆரம்பப் பயணங்கள் கிட்டத்திலேயே முடிந்துவிடும். ஜெர்மனிக்குள் நுழைவது அப்புறம்தான்.

இதைப் பிடிக்காதவர்கள், "பகடையை உருட்டிக் கணக்கு எழுதுகிற குமாஸ்தா வேலை" என்பார்கள். பாதி உண்மைதான். எதிரி விமானம் எந்தத் திசையில் வருகிறது, அதன் குண்டு எங்கே படுகிறது, பட்ட இடம் ஆக்ஸிஜன் குழாயா, எஞ்சினா, ஆளின் தோளா என்று எல்லாவற்றுக்கும் அட்டவணை உண்டு. நாம் முடிவெடுக்கிற இடங்கள் கொஞ்சம். எந்தத் துப்பாக்கி எந்த விமானத்தைச் சுட வேண்டும், குண்டுகளை நடுவழியிலேயே கொட்டிவிட்டுத் திரும்பலாமா, இப்படிச் சில.

நான் செய்த தவறு, பத்துப் பேருக்கும் தெரிந்தவர்களின் பெயரை வைத்ததுதான். விமானி என் பெரிய மாமா. வழிகாட்டி, ஊரில் யாரிடமும் வழி கேட்டே பழக்கமில்லாத சித்தப்பா. வால் பகுதித் துப்பாக்கி, கல்லூரிக் காலத்திலிருந்து என்னோடு ஆடும் நண்பனுக்கு. அவன் இப்போது வேறு ஊரில் இருக்கிறான். ஞாயிறு இரவு ஆனால் போதும், "நான் உசுரோட இருக்கேனா?" என்று ஒரு வரி வந்துவிடும்.

பதினோராவது பயணத்தில் வாலில் சூடேற்றும் கருவி போய்விட்டது. அந்த உயரத்தில் குளிரே ஆளைக் கொல்லும். உறைபனியில் அவன் கை போகிறதா என்று ஒவ்வொரு கட்டத்திலும் பகடை போட்டேன், தப்பித்துக்கொண்டே வந்தான். திரும்பும் வழியில் ஓர் எஞ்சின் நின்று, கூட்டத்தை விட்டு விலகித் தனியே பறக்க வேண்டியதாயிற்று. பின்னாலிருந்து இரண்டு விமானங்கள் வந்தன, ஒன்று நேர்மட்டத்தில், இன்னொன்று மேலே. வால் துப்பாக்கியால் ஒன்றைத்தான் சுட முடியும். நேர்மட்டத்தில் வந்ததைச் சுட்டேன், விழுந்தது. மேலே வந்ததை மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று விட்டேன். அது சுட்டது வாலில் பட்டது.

அன்று இரவு அவனிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பதிலே இல்லை. அப்புறம் கேட்டான்: "என்னை எதைச் சுடச் சொன்ன?"

குமாஸ்தா வேலை என்று நானும் சில நாள் சொல்லிக்கொண்டிருந்தவன்தான். அந்தக் கேள்விக்குப் பிறகு சொல்வதில்லை. 1943 ஆகஸ்ட் 17 அன்று ஷ்வைன்ஃபுர்ட், ரேகன்ஸ்பூர்க் நகரங்களைத் தாக்கப் போன விமானங்களில் 60 திரும்பவில்லை. அக்டோபர் 14-இல் மறுபடியும் ஷ்வைன்ஃபுர்ட்டுக்குப் போனார்கள், அன்றும் 60. புத்தகத்தில் இந்த எண்ணைப் பலமுறை கடந்து போயிருக்கிறேன். இப்போது கண்ணில் பட்டால் கை தானாகப் பத்தால் பெருக்குகிறது.

*

எனக்குத் தனியாட்டம் ஒத்துவரவில்லை. 'ட்விலைட் ஸ்ட்ரகிள்' வாங்கி, எதிரே ஆள் கிடைக்காமல் இரண்டு பக்கமும் நானே ஆடிப் பார்த்தேன். வலது கை அமெரிக்கா, இடது கை சோவியத் யூனியன். சீட்டுகளை மறைத்து வைத்து ஆடும் ஆட்டத்தில் நம்மிடமிருந்து நாமே எதை மறைப்பது? அரை மணி நேரத்தில் இரண்டு வல்லரசுகளும் சமாதானமாகிவிட்டன.

தெரியாதவர்களுக்கு: 2005-இல் வந்த ஆட்டம். அனந்தா குப்தா, ஜேசன் மேத்யூஸ் இருவரும் வடிவமைத்தது. 1945-இல் தொடங்கி 1989 வரை பனிப்போர். அமெரிக்காவுக்குச் சாதகமான நிகழ்ச்சி உள்ள சீட்டு, சோவியத் ஆடுபவர் கைக்கும் வரலாம். அதன் புள்ளிகளை அவர் தன் வேலைக்குப் பயன்படுத்தினால் அந்த நிகழ்ச்சி அமெரிக்காவுக்காக நடந்தே தீரும். எதிராளி வைத்த வெடியை நம் மடியில் வைத்துக்கொண்டு, எப்போது பற்றவைத்தால் சேதம் குறைவு என்று பார்க்க வேண்டும். அதுதான் முழு ஆட்டமும்.

போன பொங்கலுக்குத் தங்கை குடும்பத்தோடு வந்திருந்தாள். மாப்பிள்ளை இந்த மாதிரி ஆட்டம் எதுவும் ஆடியதில்லை. விதிகளை ஒரு மணி நேரம் சொல்லிக் கொடுத்தேன். குறிப்பாக டெஃப்கான் என்ற அணு ஆயுதப் போர் அபாய அளவை. ஐந்தில் தொடங்கும். முக்கியமான நாட்டில் ஆட்சிக் கவிழ்ப்பு நடத்தினால் ஒன்று குறையும். ஒன்றைத் தொட்டால் அணு ஆயுதப் போர், ஆட்டம் முடிந்தது. அப்போது யாருடைய முறையோ அவர் தோற்றவர். யார் குறைத்தார்கள் என்பது கணக்கில்லை. இதை இரண்டு முறை சொன்னேன், விரலை வேறு ஆட்டிக்கொண்டு.

நான் சோவியத். ஆட்டத்தின் நடுப்பகுதி வரை நன்றாகவே போனது. ஆப்பிரிக்காவில் முக்கியமான நாடான அங்கோலாவில் செல்வாக்கு வைத்துவிட்டு மிதப்பில் இருந்தேன். டெஃப்கான் இரண்டு. கையில் கடைசியாக மிஞ்சியிருந்தவற்றில் ஒன்று 'சி.ஐ.ஏ. கிரியேட்டட்'. ஒற்றைப் புள்ளி சீட்டு. வேண்டாத சீட்டை விண்வெளிப் போட்டிக்கு அனுப்பித் தொலைக்கலாம், ஆனால் அதற்குக் குறைந்தது இரண்டு புள்ளி வேண்டும். இந்தச் சீட்டு அதற்கும் உதவாது. சுற்றின் தொடக்கத்திலேயே, டெஃப்கான் கொஞ்சம் ஏறியிருக்கும் நேரத்தில் இதைப் போட்டுக் கழித்திருக்க வேண்டும். அல்லது அடுத்த சுற்றுக்குக் கைக்குள் வைத்திருக்கலாம். "ஒத்தப் புள்ளிதானே" என்று போட்டேன்.

அந்தச் சீட்டு என் கைச்சீட்டுகளை அவருக்குக் காட்டிவிடும். அதோடு ஒரு புள்ளி மதிப்புக்கு அவரும் ஒரு செயல் செய்யலாம். மாப்பிள்ளை பலகையைப் பார்த்தார், விதிப்புத்தகத்தைப் பார்த்தார், மறுபடி பலகையைப் பார்த்தார். அங்கோலா மேல் விரலை வைத்து ஆட்சிக் கவிழ்ப்பு என்றார்.

அப்புறம் ரொம்பப் பணிவாக, "மச்சான், இது உங்க டர்ன்தானே?" என்றார்.

தங்கை உள்ளேயிருந்து "என்னாச்சு?" என்று கேட்டாள். உலகம் அழிஞ்சிருச்சு என்று சொன்னேன். சாப்பிட வரச் சொன்னாள்.

*

சீலிங் ஃபேனைப் பற்றி இன்னும் யாரும் எழுதவில்லையே, ஆச்சரியம்.

அரை அங்குல அட்டைச் சில்லுகளை அறுகோணக் கட்டங்களில் அடுக்கடுக்காக வைத்து ஆடும் ஸ்டாலின்கிராட் ஆட்டம். மே மாதம். ஆட்டம் நாலு நாளாக மேசையிலேயே கிடந்தது. கரண்ட் போனதால் ஜன்னலைத் திறந்து வைத்து, வியர்வையோடு இடுக்கியால் சில்லுகளை நகர்த்திக்கொண்டிருந்தேன். ஃபேன் சுவிட்ச் ஐந்தில் இருந்தது நினைவில்லை. கரண்ட் வந்தது. சோவியத் படை சுற்றி வளைக்க இன்னும் இரண்டு சுற்று மீதி இருந்தது; அதற்குள் ஜெர்மானிய ஆறாவது படை டிவி ஸ்டாண்டுக்கு அடியில். ஒரு சில்லு இன்றுவரை கிடைக்கவில்லை.

பலகை மேல் போட ஒரு கண்ணாடி அக்ரிலிக் தகடு வெட்டி வாங்கிக்கொள்ளுங்கள். வரைபடம் மடிப்பில் தூக்கிக்கொண்டு நிற்காமல் இருக்கும். காற்றுக்கு அது போதாது, ஃபேனை நிறுத்தத்தான் வேண்டும்.

*

கடையில் வாங்கிய ஆட்டம் இல்லை என்னுடையது. நானே செய்தது. எம்டன்.

எங்கள் வீட்டில் யாராவது தந்திரமாக ஒரு வேலையைச் செய்துவிட்டால் அம்மா, "சரியான எம்டன்டா நீ" என்பார். அந்தச் சொல்லின் பின்னால் ஒரு கப்பல் இருந்தது எனக்குப் பத்தாம் வகுப்பு வரை தெரியாது. 1914 செப்டம்பரில் வங்காள விரிகுடாவுக்குள் வந்த ஜெர்மானியப் போர்க்கப்பல். தளபதி கார்ல் ஃபான் முல்லர். பிரிட்டிஷ் கப்பல் மாதிரித் தெரிவதற்காகப் பொய்யாக நாலாவது புகைபோக்கி ஒன்றைக் கட்டிக்கொண்டு அலைந்தது. செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்துக்கு எதிரே வந்து, நூற்றுக்கும் மேற்பட்ட குண்டுகளைச் சுட்டு, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போனது. நவம்பர் 9-இல் கோகோஸ் தீவுகளில் ஆஸ்திரேலியாவின் சிட்னி கப்பலிடம் அடிபட்டுக் கரை தட்டியது.

தனியாட்டமாகத்தான் திட்டமிட்டேன். எம்டன் நான், பிரிட்டிஷ் கப்பல்களைப் பகடையும் சீட்டுகளும் நகர்த்தும். ஆடுபுலி ஆட்டம் ஆடி வளர்ந்தவர்களுக்கு இந்த ஏற்றத்தாழ்வு பழகியதுதான். இங்கே ஒரே ஒரு புலி. ஆடுகளில் சில துப்பாக்கி வைத்திருக்கும், எவை என்று தெரியாது. கடிகாரமாக நிலக்கரியை வைத்தேன். ஒவ்வொரு சுற்றும் கரி குறையும். வேகமாக ஓடினால் இன்னும் குறையும். சரக்குக் கப்பலைப் பிடித்தால் அதில் கரி இருக்கலாம். தேயிலை மட்டும் இருந்தால் மூழ்கடித்துவிட்டுப் பசியோடு போக வேண்டியதுதான். முதல் பத்து ஆட்டத்திலேயே ஒன்று புரிந்தது: அந்தக் கப்பல் சண்டையைவிடக் கரி தேடுவதில்தான் அதிக நேரத்தைக் கழித்திருக்கும்.

ஆனால் ஒரு சிக்கல். எத்தனை முறை ஆடினாலும் நான் சென்னைக்குப் போகவே இல்லை. ஏன் போக வேண்டும்? குண்டு செலவு, கரி செலவு, இருக்கும் இடமும் ஊருக்கெல்லாம் தெரிந்துவிடும். பிடிபடுவது ஒரு கப்பலும் இல்லை. என் விதிகளின்படி முல்லர் செய்தது முட்டாள்தனம். அவர் முட்டாள் இல்லை என்பதால் விதிகளில்தான் கோளாறு. பிரிட்டிஷ்காரர்களின் பெயரைக் கெடுப்பதும் வணிகத்தைக் குலைப்பதும்தான் அந்த இரவின் நோக்கம். ஊரைவிட்டுக் கிளம்பிய சென்னைக் குடும்பங்கள், கிளம்பாமல் நின்ற சரக்குக் கப்பல்கள், இவையெல்லாம் என் கணக்கில் இல்லை. 'பீதி' என்று ஓர் அளவுகோலைச் சேர்த்தேன். அதன் பிறகுதான் சென்னை வரைபடத்தில் உயிரோடு வந்தது.

சரி, ஆட்டம் முடிந்தது என்று நினைத்து, போன மாதம் அம்மாவைக் கூப்பிட்டு எதிரே உட்கார வைத்தேன். பிரிட்டிஷ் பக்கம் அவருக்கு. பகடைக்குப் பதில் ஒரு மனிதர் நகர்த்தினால் எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசை. வலை விரித்துத் தேடுவார், கொழும்புக்கும் ரங்கூனுக்கும் ரோந்து அனுப்புவார் என்று காத்திருந்தேன். அம்மா எல்லாச் சரக்குக் கப்பலையும் துறைமுகத்திலேயே நிறுத்திவிட்டு வெற்றிலையை மடிக்க ஆரம்பித்தார்.

"அனுப்பும்மா, உன் டர்ன்."

"அனுப்பினாத்தானே பிடிப்ப? உன் கரி தீரட்டும்."

ஆறு சுற்று. கரி தீர்ந்தது. நடுக்கடலில் நான் மிதந்துகொண்டிருந்தேன், அம்மா ஒரு கப்பலைக்கூட இழக்கவில்லை. ஜெயித்தது யார் என்று விதிப்புத்தகத்தைப் பார்த்தால் அவர்தான். ஆனால் துறைமுகத்தில் கப்பல்கள் முடங்கிக் கிடப்பதைத்தானே 1914-இல் எம்டன் செய்துகாட்டியது? அம்மா வென்ற அதே சுற்றில் நானும் வென்றிருக்க வேண்டும், என் விதிக்கு அது தெரியவில்லை.

துறைமுகத்தில் நிற்கிற ஒவ்வொரு கப்பலுக்கும் சுற்றுக்கு இவ்வளவு நஷ்டம் என்று இப்போது எழுதிக்கொண்டிருக்கிறேன். தொகை எவ்வளவு என்பதில் இன்னும் பேச்சுவார்த்தை நடக்கிறது. தான் ஜெயித்த பிறகு நான் விதியை மாற்றுவதாகச் சொல்கிறார் அம்மா.