மஞ்சள் போர்டு வண்டியில் ஜிபிஎஸ்: நம்ம ஓட்டம் யார் யாருக்குத் தெரியுது?

சொந்தவண்டி:
2020-இல் பதிவான செடான், டாக்ஸி பெர்மிட். ஏஐஎஸ்-140 (வாடகை வண்டிக்கான இடங்காட்டும் கருவித் தரநிலை) ஜிபிஎஸ்ஸும், ஆபத்துல அழுத்துற பேனிக் பட்டனும் இருக்கு. சவாரி இல்லாத நாள்ல குடும்பத்தோட கோயிலுக்குப் போனாலும் அது அனுப்பிக்கிட்டேதான் இருக்குமா? வயரைக் கழட்டி வெச்சா என்ன ஆகும்? இது போக, ஃபாஸ்டேக் ஊருக்குள்ளயும் நம்மளக் காட்டிக் குடுக்குதுன்னு ஸ்டாண்டுல ஒரே பேச்சு. எது நிஜம், எது புரளி?

வயரிங்_கடை:
அனுப்பும்ணே. சவாரியா சொந்த வேலையான்னு அதுக்குத் தெரியாது. இக்னிஷன் ஆனா ஆஃபா, அவ்வளவுதான். வண்டி ஓடும்போது 5 விநாடிக்கு ஒரு தடவைகூட அனுப்புற மாதிரி செட் பண்ணலாம். சாவிய எடுத்துட்டா இடைவெளி கூடும்.

ஒவ்வொரு பாக்கெட்லயும் வண்டி நம்பர், ஐஎம்இஐ (கருவியோட தனி எண்), தேதி, நேரம், அட்சரேகை, தீர்க்கரேகை, வேகம், திசை, கிடைச்ச சாட்டிலைட் எண்ணிக்கை, பேட்டரி வோல்டேஜ், பக்கத்து செல் டவர் எண் எல்லாம் இருக்கும். டிரைவர் பேர் இருக்காது. வண்டி நம்பரை வாகன் (அரசோட வண்டிப் பதிவுத் தரவுத்தளம்) பதிவுல போட்டுப் பாத்தா ஓனர் பேர்தான் வரும். ஆள் போட்டு ஓட்டுறவங்க டியூட்டி நோட்டை ஒழுங்கா எழுதி வைங்க, நாளைக்கு ஒரு விசாரணைன்னா அதுதான் பேசும்.

வயர்ல கை வைக்காதீங்க. மெயின் சப்ளை போன உடனே அதுவே ஒரு அலெர்ட்டா பதிவாகிடும். உள்பேட்டரி 4 மணி நேரம் தாங்கணும்னு தரநிலையிலயே இருக்கு. செல் டவர் சிக்னலை மறைச்சாலும் பிரயோஜனம் இல்ல: 40,000 பதிவு வரைக்கும் உள்ளயே சேத்து வெச்சு, டவர் கிடைச்சதும் பழைய நேரத்தோடயே அனுப்பிடும். பெர்மிட் வெச்சிருக்கறவர் கருவியை வேலை செய்ற நிலையில வெச்சிருக்கணும்னு மத்திய மோட்டார் வாகன விதி 125எச் சொல்லுது. எஃப்சி (வண்டித் தகுதிச் சான்று) எடுக்கும்போதும் பாப்பாங்க.

இன்னொண்ணு. பேனிக் பட்டன் ‘நார்மலி குளோஸ்டு’ வகை. சர்க்யூட் எப்பவும் மூடியே இருக்கும், அழுத்தினா திறக்கும். சீட் கவர் மாத்தும்போது அந்த வயர் அறுந்தாலோ கனெக்டர் லூஸ் ஆனாலோ கருவி அலெர்ட் விடும். பொய் அலெர்ட் வருதுன்னா முதல்ல அங்கதான் பாக்கணும்.

சர்வர்_பக்கம்:
எல்லாரும் கவர்மென்ட் சர்வரையே நினைச்சுப் பயப்படுறாங்க. எனக்குப் பெரிய ஓட்டையாத் தெரியறது கருவி வித்தவரோட சர்வர்.

தரநிலைப்படி குறைஞ்சது 2 ஐபி முகவரிக்கு (நெட்ல ஒரு சர்வரோட எண்) அனுப்பத் தெரிஞ்சிருக்கணும்: ஒண்ணு அரசுக் கண்காணிப்புக்கு, ஒண்ணு அவசர உதவிக்கு. விக்கிற கம்பெனி இதோட தன்னோட சர்வரையும் சேத்துக்கும். உங்க செல்போன் ஆப் ஓடுறது அதுலதான். அந்த லாகின் யார்கிட்ட இருக்கோ, அவங்களுக்கு நீங்க எந்தத் தெருவுல எவ்வளவு நேரம் நின்னீங்கன்னு மேப்ல தெரியும். போலீஸ் கேக்கணும்னா நோட்டீஸ் வேணும். இவங்களுக்குப் பாஸ்வேர்டு போதும்.

பொருத்துனவர்கிட்ட கான்ஃபிகரேஷன் பிரின்ட் கேளுங்க. அதுல எந்தெந்த ஐபி இருக்கு, ஒவ்வொண்ணும் யாரோடதுன்னு எழுதி வாங்குங்க. ஆப் பாஸ்வேர்டு பொருத்தும்போது குடுத்ததாவே இருந்தா இன்னைக்கே மாத்துங்க. எஸ்எம்எஸ் கட்டளைக்குத் தனிப் பாஸ்வேர்டு இருந்தா அதையும்தான். ஃபைனான்ஸ்காரருக்கோ டிராவல்ஸ்காரருக்கோ துணை லாகின் ஓடுதான்னும் கேளுங்க. செகண்ட்ஹேண்ட் வண்டியில இன்னும் கவனம்: ஆர்சி பேர் மாறினா ஆப்ல பேர் தானா மாறாது. பழைய ஓனர் உக்காந்த இடத்துலயே உங்க வண்டியப் பாத்துக்கிட்டிருக்கலாம்.

அப்புறம் சிம் சந்தா. அது முடிஞ்சா கருவியில லைட் எரியும், சர்வருக்கு ஒண்ணும் போகாது. எஃப்சி அன்னைக்குத்தான் தெரிய வரும். ஒரு வாரம் முன்னாடியே திறந்தவெளியில நிறுத்தி லைவ் காட்டுதான்னு பாத்துடுங்க.

டோல்கேட்_தம்பி:
ஃபாஸ்டேக் விஷயம் முக்கால்வாசி புரளி. அதுல பேட்டரியும் இல்ல, சிம்மும் இல்ல. 865–867 மெகாஹெர்ட்ஸ்ல ரீடர் அலை மேல பட்டா தன் எண்ணைத் திருப்பிச் சொல்லும், சில மீட்டர் தூரத்துக்குத்தான். டோலும் சில பார்க்கிங்கும் தவிர சும்மா ரோட்ல அது ஊமை.

மிச்சம் கால்வாசி எஸ்எம்எஸ். எந்த டோல், எத்தனை மணின்னு அந்த டேக்ல பதிவான செல்லுக்குப் போகும். வண்டிய வித்தா பேங்க்ல சொல்லி டேகை மூடிடுங்க, இல்லேன்னா வாங்கினவர் ஓட்டமும் உங்களுக்கு வரும், காசும் உங்க கணக்குல போகும். டேகை ஒட்டாம டோல்ல மட்டும் எடுத்துக் காட்டுற வேலையும் வேண்டாம். அப்படிப்பட்ட டேகைக் கருப்புப் பட்டியல்ல போடப் போறதா 2025 ஜூலையிலயே நெடுஞ்சாலை ஆணையம் சொல்லிடுச்சு.

ஊருக்குள்ள பாக்குறது நம்பர் பிளேட் படிக்கிற கேமரா. அதுக்கு டேகும் வேண்டாம், ஜிபிஎஸ்ஸும் வேண்டாம், வெள்ளை போர்டு, டூவீலர் எல்லாமே மாட்டும். அபராதம் போடுற கேமராவுக்கு ஆண்டுதோறும் ஒப்புதல் சான்று வேணும், அங்க எச்சரிக்கைப் பலகை இருக்கணும்னு 2021-இல் வந்த விதி 167ஏ சொல்லுது. சலான் வந்தா அதைக் கேளுங்க.

மனு_எழுதுறவர்:
சட்டப் பக்கம் கொஞ்சம். தனியுரிமை அடிப்படை உரிமைன்னு 2017 ஆகஸ்ட் 24-இல் புட்டசாமி வழக்குல உச்ச நீதிமன்றத்தோட 9 நீதிபதிகள் அமர்வு சொல்லியாச்சு. அரசு அதுல கை வைக்கணும்னா சட்டம் இருக்கணும், நியாயமான நோக்கம் இருக்கணும், அளவு மீறக் கூடாது. அதனாலயே ஜிபிஎஸ் செல்லாதுன்னு ஆகிடாது. போலீஸ் பிஎன்எஸ்எஸ் (புதுக் குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 94-ஆம் பிரிவுல நோட்டீஸ் குடுத்துத் தரவை வாங்கலாம். 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டத்துலயும் குற்ற விசாரணைக்கு விலக்கு உண்டு. அதுல நமக்கான உரிமைகள் நடைமுறைக்கு வர்றதே 2027 மே மாசம். தனியார் ஆப்கிட்ட ‘என் தரவைக் காட்டு, அழி’ன்னு கேக்க அப்ப உதவும்.

அரசுகிட்ட சேர்ந்தது வெளியே போகாதுன்னும் நம்பிட வேண்டாம். 2019-இல் வாகன் பதிவுத் தரவை மொத்தமா விக்க மத்திய அரசே கொள்கை போட்டுச்சு, கம்பெனிக்கு வருஷத்துக்கு 3 கோடி ரூபாய்னு விலை. 2020 ஜூன்ல ரத்து பண்ணினாங்க.

சொந்தவண்டி:
நன்றிங்க. ஆர்டிஐ (தகவல் உரிமை மனு) போட்டா ஏதாவது கிடைக்குமா?

மனு_எழுதுறவர்:
‘என் வண்டி எங்க போச்சுன்னு குடு’ன்னு கேக்காதீங்க, சுத்தி விடுவாங்க. நடைமுறையைக் கேளுங்க: ஏஐஎஸ்-140 தரவு எந்த சர்வர்ல, எத்தனை நாள் இருக்கு, எந்தெந்தத் துறைக்கு லாகின், போன வருஷம் எத்தனை நோட்டீசுக்குத் தரவு குடுத்தாங்க. இதுல தனிநபர் தகவல் இல்ல, அந்தக் காரணம் காட்டி மறுக்க வழியும் இல்ல. போக்குவரத்து ஆணையர் அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு, 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, பதிவுத் தபால்ல. 30 நாள்ல பதில் வரலேன்னா அடுத்த 30 நாளுக்குள்ள முதல் மேல்முறையீடு போட்டுடுங்க.