மறு: ‘இடைவெளி’ வேண்டாம், ‘மாறெல்லை’ என்போமா?

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம்.

பூமிக்குள் ஓர் அடுக்கு முடிந்து வேறோர் அடுக்கு தொடங்கும் எல்லையை ஆங்கிலத்தில் discontinuity என்பார்கள்; தமிழில் அதை ‘இடைவெளி’ என்று எழுதுகிறார்கள். அதற்கு மாற்றாகப் போன வாரம் நான் வைத்த ‘பொழி’யைத் திரும்பப் பெறுகிறேன். பல்லடம், காங்கேயம் பக்கம் இரண்டு காட்டுக்கு நடுவே உள்ள எல்லைக்குப் பொழி என்றுதான் பேர். ஆனால் புவியின் நடுப்பகுதியான கருவத்தின் எல்லையை நான் ‘கருவப் பொழி’ என்றதைப் படித்து யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர் எழுதியிருந்தார்:

> கருவப் பொழி என்று படித்ததும் எங்களுக்கு மழைதான் நினைவுக்கு வருகிறது.

சரிதான் அம்மா. ஒரு வட்டாரத்துக்கு மட்டும் விளங்கும் சொல் பாடநூலில் நிற்காது.

அதற்காக ‘இடைவெளி’யை விட்டுவைக்கவும் முடியாது. புவியின் ஆழ் உள்ளகத்தை ஆராய 1987இல் அமைந்த ‘செடி’ (SEDI) என்ற பன்னாட்டு அறிவியலாளர் குழு இரண்டாண்டுக்கு ஒருமுறை கூடுகிறது. அந்தக் கூட்டங்களின் உரைச்சுருக்கங்கள் சிலவற்றை எங்கள் ஊர்ப் பள்ளிப் பிள்ளைகளுக்காகத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். கருவத்தைச் சுற்றியுள்ள பாறை அடுக்கான கவசமும் கருவமும் சேரும் இடம் அவற்றில் திரும்பத் திரும்ப வருகிறது. ஆழம் சுமார் 2,890 கிலோமீட்டர். நம் ஊர் ஆயிரம் அடி போர்வெல்லைப் போல ஒன்பதாயிரம் மடங்குக்கும் மேல். அந்த இடத்தை, ஜெர்மன் நிலநடுக்க ஆய்வாளர் ஒருவரின் பெயரால் ‘குட்டன்பெர்க் இடைவெளி’ என்று எழுதினால், நடுவே காலியாக ஒரு சந்து இருப்பதாகத்தான் பிள்ளை நினைக்கும். அங்கே வெளி ஏது? மேலே திடப்பாறை, கீழே உருகிய இரும்பு, இரண்டும் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. நிலநடுக்கத்தில் கிளம்பும் இருவகை அலைகளில் முதன்மை அலை நொடிக்கு 13.7 கி.மீ. வேகத்தில் வந்து 8.1க்கு விழுகிறது. துணை அலையால் திரவத்துக்குள் போக முடியாது, அத்தோடு நின்றுவிடுகிறது. அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 5.6 கிராமிலிருந்து 9.9க்குத் தாவுகிறது. காற்றுக்கும் தரைப் பாறைக்கும் உள்ள வித்தியாசமே இதைவிடக் குறைவு! அப்படிப்பட்ட இடத்தை ‘வெளி’ என்று சொல்ல மனசு ஒப்பவில்லை. ‘தொடர்ச்சியின்மை’ தவறில்லை, ஆனால் அங்கே என்ன நடக்கிறது என்பதை அது சொல்வதில்லை.

சின்ன வயசில் அப்புச்சி (அம்மாவின் அப்பா) தோட்டத்தில் புதுக் கிணறு வெட்டியபோது மண்மேட்டில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பேன். செம்மண்ணில் கடப்பாரை ‘சொத், சொத்’ என்று இறங்கும். அப்புறம் சுண்ணாம்புக்கல் கலந்த மண். சத்தம் கொஞ்சம் கரகரக்கும். ஒருநாள் மத்தியானம் ‘ணங்’ என்று கேட்டது. கடப்பாரை துள்ளிக் கையை உதறியது. உள்ளே இருந்தவர் நிமிர்ந்து, “மாறிருச்சுங்கோ” என்றார். அப்புச்சி எட்டிக்கூடப் பார்க்கவில்லை, சத்தத்திலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. குட்டன்பெர்க் 1914 வாக்கில் நிலநடுக்க அலைகளை வைத்துச் செய்ததும் இதைத்தான்: குழிக்குள் இறங்காமலே, எந்த ஆழத்தில் ‘மாறிருச்சு’ என்று கண்டார்.

அதனால் மாறெல்லை. புவியின் மேலோடும் கவசமும் சேரும் இடத்துக்கு மோகோ மாறெல்லை, கருவத்தின் மேல் விளிம்புக்குக் குட்டன்பெர்க் மாறெல்லை என்று சொல்லிப் பார்த்தேன், நாக்கில் தடங்காமல் வருகிறது. கோவை ஐயா ஒருவர் தனிமடலில், “மாறெல்லை வினைத்தொகை அல்லவா? எல்லையே இடம் மாறுவதாகப் பொருள்படாதா?” என்று கேட்டார். படலாம். ஆனால் இறங்குதுறை என்றால் துறை இறங்குவதில்லை, நாம் இறங்கும் துறை. சுடுகாடும் அப்படியே. பொருள் மாறும் எல்லை மாறெல்லை.

ஐயா கேட்டது வேறொரு இடத்தில் உண்மையாகவே பொருந்துகிறது. 1936இல் டென்மார்க் நிலநடுக்க ஆய்வாளர் இங்கெ லேமன் (Inge Lehmann) கண்டறிந்த உட்கருவத்தின், அதாவது கருவத்துக்குள் இருக்கும் திடப்பகுதியின் விளிம்பு, ஏறக்குறைய 5,150 கி.மீ. ஆழத்தில் இருக்கிறது. அங்கே புவி மெல்லக் குளிரக் குளிர, உருகிய இரும்பு உறைந்து உட்கருவத்தில் படிகிறது. அந்த எல்லை நகர்ந்துகொண்டே இருக்கிறது. உறையும்போது வெளிவரும் வெப்பமும் லேசான தனிமங்களும் மேலெழுந்து வெளிக்கருவத்தைக் கலக்குகின்றன. நம் திசைகாட்டி முள்ளைத் திருப்பும் காந்தப்புலத்துக்கு அந்தக் கலக்கம்தான் உயிர். இவ்வளவு வேலை நடக்கும் இடத்துக்குப் பொதுப்பெயர் போதாது. அதற்கு மட்டும் உறையெல்லை என்று தனியாக வைக்க விரும்புகிறேன்.

‘உறை’ என்றதும் தலையணை உறை நினைவுக்கு வருமா, இலங்கை நண்பர்கள் ‘உறைதல்’ என்பதை இதே பொருளில் புழங்குகிறார்களா என்று சொன்னால் பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.