முண்டகன் (இரண்டாம் போக) நெல்: விளைச்சல் ஏறாததற்குத் தண்ணீர் காரணமா, யூரியாவா?

வேலந்தாவளத்தான்: நம் பாலக்காட்டுச் சித்தூர் தாலுகாவில் விளைச்சல் ஏறவில்லை என்றால் உடனே தண்ணீர் இல்லை என்கிறோம். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நட்டதிலிருந்து வயலைக் குளமாகக் கட்டி வைத்து, அந்தத் தண்ணீரிலேயே யூரியாவை வீசுகிறோம். அதில் கணிசமான பங்கு அம்மோனியாவாகப் பறந்துவிடும். 30 செ.மீ. குழாயில் ஓட்டை போட்டுப் பாதியை மண்ணில் இறக்குங்கள். உள்ளே தண்ணீர் தரைக்கு 15 செ.மீ. கீழே போன பிறகு 5 செ.மீ. பாய்ச்சினால் போதும்.

கடைமடை: போர்வெல் வைத்திருப்பவர் பேசுகிற பேச்சு இது. பரம்பிக்குளம்-ஆழியாறு ஒப்பந்தப்படி மணக்கடவு தடுப்பணையில் கேரளத்துக்கு ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. கணக்கெல்லாம் சரி, என் மடைக்கு முறை வந்தால்தான் தண்ணீர். குழாய் 15 காட்டுகிற அன்று வாய்க்கால் காய்ந்து கிடந்தால் என்ன செய்வது? வயலில் நிற்கிற தண்ணீர்தான் என் சேமிப்பு.

வேலந்தாவளத்தான்: பூக்கும் சமயத்தில் காயவிடச் சொல்லவில்லையே. அப்போது தண்ணீர் நிற்கத்தான் வேண்டும்.

கோரைக்கு_எதிரி: களையை ரெண்டு பேருமே மறந்துவிட்டீர்கள். மண் காய்ந்தால் கோரை கிளம்பும். மிச்சமான தண்ணீரின் காசு களையெடுக்கிற கூலிக்கே போகும்.

வேளாண்_மாணவி: அண்ணா, இன்னொன்றும் இருக்கிறது. யூரியா போட்ட கையோடு காயவிட்டால் அதிலுள்ள தழைச்சத்து (நைட்ரஜன்) நைட்ரேட்டாக மாறும், மறுபடி தண்ணீர் கட்டியதும் வாயுவாகப் போய்விடும். குழாய் முறை நல்லதுதான், மேலுரத்தோடு (நட்ட பிறகு போடும் உரம்) சேர்த்துத் திட்டமிடாவிட்டால் நஷ்டம். கடைமடை அண்ணா, உங்களுக்கு முறைத் தேதிதான் உரத் தேதி. முந்தின நாள் தண்ணீரை வடித்து, ஈரச்சேற்றில் யூரியா வீசுங்கள். மறுநாள் பாயும் தண்ணீர் அதை வேருக்கு இறக்கும்.

கடைமடை: முறை ஒரு நாள் தள்ளிப்போனால்?

வேளாண்_மாணவி: அப்படியானால் மடை திறந்த செய்தி வந்த பிறகு வீசுங்கள். ஒரே தடவையில் கொட்டாமல் தூர் கட்டும்போதும் கதிர் உருவாகும்போதும் பிரித்துப் போடுங்கள். அதற்கும் முன்னால் இலையின் பச்சையை ஒப்பிட்டுப் பார்க்கிற இலை வண்ண அட்டையை வைத்துப் பாருங்கள். வெயில் படாமல் உங்கள் நிழலில், பத்துச் செடியில், முழுதாக விரிந்த மேல் இலையைப் பார்க்க வேண்டும். பத்தில் ஆறு இலையோ அதற்கு மேலோ அட்டையில் குறித்த பச்சையைவிட வெளிறியிருந்தால்தான் யூரியா. கரும்பச்சையைப் பார்த்துச் சந்தோஷப்படாதீர்கள், புகையான் பூச்சியும் குலைநோயும் அங்கேதான் முதலில் வரும்.

 

கடைமடை: அந்த அட்டை எங்கே கிடைக்கும் தங்கச்சி? குழாயை வேலந்தாவளத்தாரே வைத்துக்கொள்ளட்டும்.