"ரேட்டை மட்டும் மாத்திக் குடுங்க": பழைய மென்பொருளில் மாற்றம் செய்தவர்களின் அனுபவங்கள்

ஈரோடு, ஜவுளிக்கடை பில்லிங் மென்பொருள் பராமரிப்பு

2025 செப்டம்பர் 3 இரவு, ஜிஎஸ்டி வரி ரேட்டுகளை மாற்றும் கவுன்சில் முடிவு வந்தது. 22-ஆம் தேதி முதல் அமல். மறுநாள் காலையிலிருந்து ஆபீஸ் போன் ஓயவில்லை. "ரேட்டை மட்டும் மாத்திக் குடுங்க தம்பி, அஞ்சு நிமிச வேலைதானே?"

மளிகைக்கடைக்கு அது கிட்டத்தட்ட உண்மைதான். ஐட்டம் மாஸ்டரில் (மென்பொருளின் பொருள் பட்டியலில்) சோப்புக்கு 18 இருந்த இடத்தில் 5, நெய்க்கு 12 இருந்த இடத்தில் 5. ரெடிமேட் துணிக்கடையில் அப்படி முடியாது. அங்கே வரி, விற்கும் விலையைப் பார்த்து மாறும். அதுவரை ஒரு உருப்படி 1000 ரூபாய் வரை 5 சதவீதம், அதற்கு மேல் 12. புதிய விதியில் 2500 வரை 5, அதற்கு மேல் 18. ரேட்டோடு வரம்பும் நகர்ந்துவிட்டது.

ரேட் எங்கள் தரவு டேபிளில் ஒழுங்காக உட்கார்ந்திருந்தது. 1000 என்ற வரம்பு எங்கே இருக்கிறது என்று தேடினால் பில் திரையில் ஒன்று, எஸ்டிமேட்டில் ஒன்று, எக்செல் இம்போர்ட்டில் ஒன்று, பார்கோடு லேபிள் அடிக்கும் இடத்தில் ஒன்று. எல்லாமே ஹார்ட்கோட், அதாவது நிரலுக்குள்ளேயே எண்ணாக எழுதி வைத்தது. ஒரு இடத்தில் "1000-க்கு மேல்" என்றும், இன்னொரு இடத்தில் "1000-உம் அதற்கு மேலும்" என்றும் எழுதி வைத்திருந்தார்கள். சரியாக ஆயிரத்துக்கு ஒரு சட்டை விற்றால் எஸ்டிமேட்டில் ஒரு வரி, பில்லில் இன்னொரு வரி! அந்த விலைக்கு யாரும் விற்பதில்லை, 999-தான் போடுவார்கள். அதனால் வருடக்கணக்கில் யார் கண்ணிலும் படவில்லை.

அடுத்தது ரிட்டர்ன். 20-ஆம் தேதி 12 சதவீதத்தில் விற்ற சுடிதார் 25-ஆம் தேதி திரும்பி வந்தால், கிரெடிட் நோட் (திரும்பி வந்ததற்கான வரவுச் சீட்டு) பழைய 12-இல்தான் போக வேண்டும். மாஸ்டரில் பழைய ரேட்டை அழித்து எழுதினால் அது போச்சு. ரேட்டுக்கு "எந்தத் தேதியிலிருந்து" என்று டேபிளில் ஒரு கட்டம் வேண்டும். இதைப் பார்க்கப் போன இடத்தில் இன்னொன்றும் தெரிந்தது: பழைய பில்லை மறுபடி பிரின்ட் எடுக்கும்போது, பில்லில் சேமித்த ரேட்டை எடுக்காமல் மாஸ்டரைப் பார்த்து மறுபடி கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது நிரல். ஐந்து நிமிட வேலையைச் செய்து கொடுத்திருந்தால் ஆகஸ்ட் மாத பில்லெல்லாம் புது வரியில் பிரின்ட் ஆகியிருக்கும்.

சேலை வேறு கதை. அது துணி வகையில் வருவதால் பதினைந்தாயிரம் ரூபாய்ப் பட்டுச் சேலையானாலும் 5 சதவீதம்தான். ஆனால் எங்கள் மாஸ்டரில் சேலையும் சுடிதாரும் "லேடீஸ்" என்ற ஒரே குரூப்பில் கிடந்தன. ஆகவே குரூப்பை விட்டுவிட்டு எச்எஸ்என் எண்ணை (பொருளின் வகையைக் குறிக்கும் எண்) பார்த்து வரி போடு என்பதும் வேலைக்குள் வந்துவிட்டது.

கடைசியில் கிளையன்ட்டுக்கு அரைப்பக்கம் எழுதி அனுப்பினேன். என்ன மாறும் என்பது நாலு வரி. என்ன மாறாது என்பது அதைவிட நீளம்: 21-ஆம் தேதி வரையிலான பில், அதன் மறுபிரின்ட், அதற்கு வரும் ரிட்டர்ன், சேலை, மீட்டர் துணி. முதலாளி மாறாத பட்டியலை மட்டும்தான் படித்தார். "பழைய கணக்கு அசையாதுல்ல? அப்பச் சரி" என்று கையெழுத்துப் போட்டார். கூடவே, "இதோட வாட்ஸ்அப்புல பில் போற மாதிரியும்…" என்று ஆரம்பித்தார். அது தீபாவளிக்கு அப்புறம் என்று தனித்தாளில் எழுதிக்கொண்டேன்.

ஒரு கேள்வி மட்டும் தாளில் பதிலில்லாமல் நின்றது. டேக் விலை வரி உட்பட 2800 என்று வையுங்கள். 5 சதவீதம் என்று எடுத்தால் வரி நீங்கலான மதிப்பு 2667, வரம்பைத் தாண்டுகிறது, ஆக 18 போட வேண்டும். 18 என்று எடுத்தால் 2373, வரம்புக்குள் வருகிறது, ஆக 5. இப்படிச் சுற்றிக்கொண்டே இருக்கும். 2625-ஐத் தாண்டி 2950 வரை எந்த டேக் விலைக்கும் இதே கதிதான். பழைய விதியிலும் 1050-க்கும் 1120-க்கும் நடுவே இந்த ஓட்டை இருந்தது, சின்னது என்பதால் தப்பித்தது. இதை புரோகிராமர் முடிவு பண்ணக் கூடாது என்று ஆடிட்டருக்குத் தள்ளிவிட்டேன்.

யாழ்ப்பாணம், கடன் வழங்கும் நிறுவனங்களுக்கான மென்பொருள்

எங்கட பக்கத்திலும் இதே மாதிரி ஒரு கடிதம் வந்தது. "அடையாள அட்டை இலக்கத்துக்கான இடத்தை 10 எழுத்திலிருந்து 12 ஆக்கித் தரவும்." அவ்வளவுதான். இலங்கையில் பழைய தேசிய அடையாள அட்டையில் ஒன்பது இலக்கமும் கடைசியில் வி அல்லது எக்ஸ் எழுத்தும் இருக்கும். 2016 முதல் வந்த அட்டையில் பன்னிரண்டு இலக்கம்.

எங்கட மூத்த அண்ணை அந்தக் கடிதத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டது ஒன்றுதான்: "இந்த இலக்கத்தை ஆர் ஆர் வாசிக்கினம்?"

தேடிப் பார்த்தால், கடன் வயதெல்லையைப் பார்க்கும் பகுதி பிறந்த திகதியையே இந்த இலக்கத்திலிருந்துதான் எடுக்குது. பழைய இலக்கத்தில் முதல் இரண்டும் பிறந்த ஆண்டு, அடுத்த மூன்றும் ஆண்டின் எத்தனையாவது நாள், பெண் என்றால் அந்த நாளோடு 500 கூட்டியிருக்கும். புதியதில் ஆண்டு நான்கு இலக்கம். இடத்தை மட்டும் அகலமாக்கி விட்டிருந்தால், 1985-இல் பிறந்த ஒருவரின் முதல் இரண்டு இலக்கம் 19, அதாவது 1919. அடுத்த மூன்றும் 85-இல் தொடங்கும், 500-க்கு மேல், ஆகவே பெண். 1985-இல் பிறந்த ஆம்பிளையள் எல்லாரும் 1919 டிசம்பர் நடுப்பகுதியில் பிறந்த பெண்களாகி, வயது கூடிப்போச்சு என்று கடன் மறுக்கப்பட்டிருப்பினம். நல்லகாலம், இதைக் கடதாசியிலேயே கண்டுபிடித்துவிட்டோம்.

மற்றது, பழைய அட்டையும் செல்லும் என்பதால் ஒரே ஆள் இரண்டு இலக்கத்தோடும் வரலாம். பழையதைப் புதிதாக மாற்றுவது சுகம்: முன்னால் 19, நாளைக் குறிக்கும் மூன்று இலக்கத்துக்குப் பின் ஒரு பூச்சியம், கடைசி எழுத்தை விட்டுவிட வேண்டியது. அப்படியென்றால் சேமித்த தரவை எல்லாம் மாற்றிவிடுவோமா என்று கேட்டார்கள். வேண்டாம் என்றோம். கையெழுத்து வைத்த கடன் பத்திரத்தில் பழைய இலக்கம்தான் இருக்குது. ஒப்பிடும்போது மட்டும் மாற்றிப் பார்ப்பது என்று எல்லை போட்டோம்.

சென்னை, டெஸ்டிங்

ஈரோட்டுக்காரர் சொன்ன "மாறாதவை" பட்டியல்தான் எங்களுக்குச் சோறு போடுகிறது. மாற்றத்துக்கு முந்தைய ஒரு மாத பில்லைப் பழைய வெர்ஷனிலும் புதியதிலும் பிரின்ட் எடுத்து, வரிக்கு வரி ஒப்பிடுவேன். "மாறும்" என்று எழுதாத இடத்தில் ஒரு பைசா வித்தியாசம் வந்தாலும் ஸ்கோப் தாளை (என்ன மாறும், என்ன மாறாது என்று எழுதிய அந்த அரைப்பக்கத்தை) திருத்தித் திரும்ப அனுப்பச் சொல்வேன். பக் (நிரல் பிழை) என்று பதிவு பண்ணினால் டெவலப்பர் தலையில்தான் விழும்.

இன்னொன்று: எங்கெங்கே கை வைக்க வேண்டும் என்று தேடுவதற்கான நேரத்தைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள். அதை மொத்த வேலைக்கான எஸ்டிமேட்டுக்குள் ஒளித்து வைத்தால் பேரம் பேசும்போது முதலில் வெட்டுப்படுவது அதுதான்.

அந்த 2800 ரூபாய் டேகுக்கு ஆடிட்டர் என்ன சொன்னார்?

ஈரோடு

இரண்டு கடை ஆடிட்டர்கள் இரண்டு விதமாகச் சொன்னார்கள். ஒருவர் டேகிலேயே வரி நீங்கலான விலையைப் போடச் சொன்னார். இன்னொருவர், "அந்த விலையிலேயே விக்காதீங்க, 2599 போடுங்க, இல்ல 2999 போடுங்க" என்று முடித்துவிட்டார். இரண்டாவது கடைக்காரர் அன்றைக்கே டேகை மாற்றிவிட்டார். நிரலில் நான் சேர்த்தது ஒரு எச்சரிக்கை மட்டும்: 2625-க்கும் 2950-க்கும் நடுவே லேபிள் அடிக்கப் போனால் திரையில் சிவப்பில் ஒரு வரி வரும்.