பிரேக் ஆயில் கறுத்துப்போச்சு, லெவல் சரியா இருக்கு, மாத்தணுமா?

ஈரோட்டு வண்டி:

வணக்கம்ங்க. 2017 மாடல் பெட்ரோல் கார், முன்னாடி டிஸ்க், பின்னாடி டிரம், ஏபிஎஸ் இருக்கு. செகண்ட் ஹேண்ட்ல வாங்குனது, பிரேக் ஆயில் எப்ப மாத்துனாங்கன்னு சர்வீஸ் புக்ல ஒரு வரிகூட இல்ல. போன வாரம் சர்வீஸ் விட்டப்ப பேனா மாதிரி ஒன்ன ஆயில் டப்பாக்குள்ள விட்டு பாத்துட்டு, சிவப்பு லைட் எரியுது, தண்ணி 4 சதவீதம் இருக்கு, உடனே மாத்தணும்னாங்க. எங்க தெரு மெக்கானிக் அண்ணன்கிட்ட காட்டுனா, லெவல் மேக்ஸ்ல நிக்குது, பிரேக் நல்லா புடிக்குது, எதுக்கு வீண் செலவு, கொறஞ்சா கொஞ்சம் ஊத்திக்கலாம்ங்கறாரு. கலர் மட்டும் டிகாஷன் மாதிரி இருக்கு. அடுத்த மாசம் அப்பா அம்மா கொழந்தைங்களோட கொல்லிமலை போறோம், 70 கொண்டை ஊசி வளைவு. யார் சொல்றத கேக்கறதுன்னு தெரியல, வெவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பட்டறைக்காரன் மதுரை:

மாத்திருங்க. டெஸ்ட் பண்ணக்கூட வேண்டியதில்ல, எப்ப மாத்துனதுன்னே தெரியாத ஆயில் 2017 வண்டில இருக்குன்னா அதுவே போதும். பெரும்பாலான கம்பெனி மேனுவல்ல 2 வருஷம் இல்லன்னா 40,000 கிலோமீட்டர்னு ஏதாவது ஒரு கணக்கு இருக்கும், உங்க மேனுவல்லயும் பாருங்க.

லெவலுக்கும் ஆயில் தரத்துக்கும் சம்பந்தமே கெடையாதுங்க. இந்த ஆயில் கிளைக்கால் வகை, காத்துல இருக்கற ஈரத்த இழுக்கும், ரப்பர் ஹோஸ் வழியா, சீல் வழியா கொஞ்சம் கொஞ்சமா தண்ணி உள்ள போகும், மூடிய தொறக்கவே இல்லன்னாலும் போகும். டாட்ங்கறது பிரேக் ஆயிலோட தர நம்பர், புது டாட் 4 ஆயில் கொதிக்க குறைஞ்சது 230 டிகிரி வேணும், அதுல தண்ணி 3.7 சதவீதம் சேந்துட்டா 155ல கொதிச்சாலும் தரக்கணக்குப்படி பாஸ்தான். டாட் 3ன்னா 205, அது 140க்கு எறங்கிடும். டவுனுக்குள்ள ஓட்டறப்ப, டிஸ்க்க பேட் வச்சு கவ்வற காலிப்பர் அவ்வளவு சூடாகறதே இல்ல, அதனாலதான் பிரேக் நல்லா புடிக்குதுன்னு தோணுது. மலை எறங்கறப்பதான் வெனை.

அந்த பேனா டெஸ்டர முழுசா நம்பவும் வேணாம். அது கரண்ட் எவ்வளவு பாயுதுன்னு பாத்து தண்ணிய கணிக்குது, ஆயிலுக்கு ஆயில் அது மாறும். அதோட டப்பால இருக்கறத மட்டும்தான் பாக்குது, வீல் பக்கம் இருக்கறது இன்னும் மோசமா இருக்கலாம். பச்சை காட்டுனா நிம்மதியா இருந்துடாதீங்க, அதுதான் நான் சொல்ல வர்றது. சரியா பாக்கணும்னா ஆயில கொதிக்க வச்சு டிகிரி காட்டற மிஷின் இருக்கு, ஆனா எல்லா பட்டறைலயும் இருக்காது. கலர வச்சும் முடிவு பண்ண முடியாது, பளிச்சுன்னு இருக்கற ஆயில்லயும் தண்ணி இருக்கும்.

இன்னொன்னு, பேட் தேயத் தேய அத தள்ளற பிஸ்டன் வெளிய வரும், டப்பால லெவல் தானா எறங்கும். அதுல ஆயில் ஊத்தி ஊத்தி மேக்ஸ்ல வச்சிருந்தா, புது பேட் போடறப்ப பிஸ்டன உள்ள தள்ளுனதும் பொங்கி வெளிய வரும். பெயின்ட் மேல பட்டா உரிச்சிடும், ஒடனே தண்ணி ஊத்தி கழுவணும். திடீர்னு லெவல் கொறஞ்சா அது தேய்மானம் இல்ல, லீக். நாலு வீல் உள்பக்கமும், பெடலுக்கு பின்னாடி, அழுத்தத்த ஆயிலுக்கு குடுக்கற மாஸ்டர் சிலிண்டர் பக்கமும் ஈரம் இருக்கான்னு பாருங்க.

நீலகிரி டிராவல்ஸ்:

மதுரைக்காரர் சொன்னது அத்தனையும் சரி. டூரிஸ்ட் வண்டி ஓட்டறவன்ங்கற முறைல ஒன்னு சேக்கறேன். மலை எறங்கறப்ப பெடல் கல்லு மாதிரி இருக்கு ஆனா வண்டி நிக்கலன்னா பேட் சூடாயிருக்கு. பெடல் பஞ்சு மாதிரி கீழ போச்சுன்னா ஆயில் கொதிச்சு ஆவி கட்டியிருக்கு, ரெண்டாவதுதான் பயங்கரம். கீழ வந்து டீக்கடைல நிறுத்துவாங்க, ஓடறப்ப அடிச்ச காத்து நின்னுரும், டிஸ்க் சூடு அப்படியே காலிப்பருக்குள்ள எறங்கும், திரும்ப வண்டிய எடுத்தா பெடல் இருக்காது. கொஞ்ச நேரத்துல ஆறுனதும் பழையபடி சரியாயிடும், அதனால நம்மாளுங்க பிரேக்ல ஒன்னும் இல்லன்னு விட்டுர்றாங்க. தயவுசெஞ்சு அப்படி விடாதீங்க.

ஏறுன கியர்லயே எறங்குங்க, ரெண்டாவது, வளைவுல தேவைப்பட்டா ஒன்னாவது. நியூட்ரல்ல விடவே கூடாது, இன்ஜின ஆஃப் பண்ணவும் கூடாது, பெடல லேசாக்கற பூஸ்டர் போயிடும். பிரேக்க விடாம தேச்சுட்டே வராம, அழுத்தி வேகத்த கொறச்சுட்டு விடுங்க. பெடல் போச்சுன்னா வேகமா ரெண்டு மூனு தடவ பம்ப் பண்ணிட்டு கியர எறக்குங்க, ஹேண்ட் பிரேக்க கொஞ்சம் கொஞ்சமா இழுங்க, உங்க வண்டி மாதிரி கேபிள்ல இழுக்கற ஹேண்ட் பிரேக்குக்கு ஆயில் தேவையில்ல. குடும்பத்தோட போறீங்க, மெதுவாவே போங்க.

ஈரோட்டு வண்டி:

ரொம்ப நன்றிங்க, மாத்தறதுன்னு முடிவு பண்ணிட்டேன். தம்பி கூட இருக்கான், நாங்களே மாத்தலாமா? கடைல டாட் 5ன்னு ஒன்னு இருக்கு, நம்பர் பெருசா இருக்கறதால அது இன்னும் நல்லதா?

பட்டறைக்காரன் மதுரை:

டாட் 5 வேண்டவே வேண்டாம், அது சிலிக்கான், உங்க ஆயிலோட கலக்காது, ஏபிஎஸ் வண்டிக்கு ஆகாது. 5.1ங்கறது வேற, அது கிளைக்கால்தான். டப்பா மூடிலயே போட்டிருக்கும், டாட் 3ன்னு இருந்தா டாட் 4 ஊத்தலாம், டாட் 4ன்னு இருந்தா 3க்கு எறங்காதீங்க. சீல் ஒடைக்காத புது பாட்டிலா வாங்குங்க, ஒரு லிட்டர் இருந்தா தாராளம். வீட்ல பாதி மிச்சம் இருக்கற பழைய பாட்டில் வேண்டாம்.

ஏற்கனவே பிரேக் லைன்ல இருக்கற காத்த வெளிய எடுத்து (ஏர் எடுத்து) பழக்கம் இருந்தா மட்டும் நீங்களே பண்ணுங்க. முதல்ல டப்பால இருக்கற கறுப்பு ஆயில சிரிஞ்ச்ல உறிஞ்சிட்டு, அடி வரைக்கும் உறிஞ்சிடாம, புதுச ஊத்துங்க. எந்த வீல்ல ஆரம்பிக்கணும்னு மேனுவல்ல பாருங்க, வண்டிக்கு வண்டி மாறும். தம்பி பெடல அழுத்தி புடிச்சிருக்கணும், நீங்க வீல் பக்கம் ஆயில் வெளிய விடற நிப்பிள்ல ட்யூப் மாட்டி, அத தொறந்து ஆயில் வந்ததும் மூடணும், மூடுனதுக்கு அப்புறம்தான் அவர் கால எடுக்கணும், கண்ணாடி மாதிரி உள்ள தெரியற அந்த ட்யூப்ல சுத்தமான ஆயில் வர்ற வரைக்கும். பெடலுக்கு அடில ஒரு கட்டைய வைங்க, பழைய வண்டில பெடல் தரைவரைக்கும் போனா மாஸ்டர் சிலிண்டர் சீல் எப்பவும் ஓடாத துரு புடிச்ச எடத்துல ஓடி கிழிஞ்சிடும். நடுவுல டப்பா காலியாக விட்டுடாதீங்க, ஏபிஎஸ்க்குள்ள ஏர் பூந்துட்டா ஸ்கேனர் போட்டு எடுக்க வேண்டி வரலாம். பின்னாடி நிப்பிள் துருவேறி இருந்தா முறுக்காதீங்க, ஒடஞ்சா வீல் சிலிண்டரே மாத்தணும், பட்டறைக்கு கொண்டு போயிடுங்க.

முடிச்சதும் பெடல் கெட்டியா இருக்கான்னு நின்ன எடத்துலயே அழுத்தி பாத்துட்டு, காலியான ரோட்ல மெதுவா ஓட்டி பாத்துட்டு மலைக்கு கெளம்புங்க. மாத்துன தேதிய, கிலோமீட்டர டப்பா பக்கத்துல ஒரு ஸ்டிக்கர்ல எழுதி ஒட்டிருங்க, உங்களுக்கு அப்புறம் வாங்கறவங்களுக்கும் ஆகும்.