நான்கு நாளாக இறக்கிய உபுண்டு ஐஎஸ்ஓ: அளவு சரியாக இருக்கிறது, செக்சம் மட்டும் ஒத்துவரவில்லை. உதவி தேவை

பொருநைக்கரை | 2024 ஏப்ரல் 16, இரவு 9.40

வணக்கம். எங்கள் ஊர்ப் படிப்பகத்தில் ஆறு பழைய கணினிகள் இருக்கின்றன. மே மாத விடுமுறையில் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கப் போகிறோம். இந்த மாதம் 25ஆம் தேதி வெளிவரும் உபுண்டு 24.04 இயங்குதளத்தை அவற்றில் போட எண்ணம். வைஃபை, தமிழ் விசைப்பலகை எல்லாம் ஒழுங்காக வருகிறதா என்று என் லேப்டாப்பில் முன்கூட்டியே பார்த்துவிடலாம் என்று ஆரம்பித்தேன்.

என்னிடம் இருப்பது செல்பேசி ஹாட்ஸ்பாட் மட்டும். ஒரு நாளைக்கு ஒன்றரை ஜிபி. அது தீர்ந்தால் வேகம் படுத்துவிடும். உபுண்டுவை நிறுவத் தேவையான ஐஎஸ்ஓ கோப்போ (நிறுவல் வட்டின் முழு நகல்) 5.7 ஜிபி. அதனால் டெர்மினலில் டபிள்யூகெட் என்ற, கோப்பு இறக்கும் கட்டளையை 'மைனஸ் சி' சேர்த்துக் கொடுத்து, வெள்ளிக்கிழமை தொடங்கி திங்கள்வரை நான்கு இரவுகளில் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து இறக்கினேன். ஒரு முறைகூடப் பிழைச்செய்தி வரவில்லை. கடைசியில் நூறு சதவீதம் என்று முடிந்தது.

பென்டிரைவில் எழுதி பூட் செய்தால், தொடக்கத்தில் நடக்கும் கோப்புச் சோதனையில் பல கோப்புகளில் பிழை என்கிறது. மீறி உள்ளே போனால் நிறுவல் பாதியில் நின்றுவிடுகிறது. ஷா256 செக்சமும் (கோப்பின் உள்ளடக்கத்தை வைத்துக் கணக்கிடும் சரிபார்ப்பு எண்) தளத்தின் பட்டியலில் இருப்பதிலிருந்து வேறாக வருகிறது. ஆனால் கோப்பின் அளவு, தளத்தில் இருப்பதோடு ஒரு பைட் மாறாமல் ஒத்துப்போகிறது. எங்கே தவறு செய்தேன் என்று புரியவில்லை. இன்னொரு முறை முழுதாக இறக்க என்னிடம் டேட்டா இல்லை.

மின்மினி | இரவு 10.05

பென்டிரைவ் பழசா? எனக்கு ஒரு தடவை இதே மாதிரி ஆனது, வேறு பென்டிரைவ் மாற்றியதும் சரியாகிவிட்டது. ஃபேட்32 என்ற பழைய முறையில் ஃபார்மேட் செய்த டிரைவில் இறக்கியிருந்தாலும் ஒரு கோப்பு 4 ஜிபிக்கு மேல் போகாது, அதையும் பாருங்கள்.

பொருநைக்கரை | இரவு 10.12

இறக்கியது லேப்டாப்பின் ஹார்ட் டிஸ்கில்தான். செக்சம் எடுத்ததும் அந்தக் கோப்பில்தான், பென்டிரைவில் இல்லை.

கல்தச்சன் | இரவு 10.50

அப்படியென்றால் பென்டிரைவை விட்டுவிடலாம். மூன்று விஷயம் சொல்லுங்கள். எந்த ஃபோல்டரிலிருந்து இறக்கினீர்கள்? செக்சம் பட்டியலை எந்த நாள் எடுத்தீர்கள்? டபிள்யூகெட் ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் 'லெங்த்' என்று மொத்த அளவைக் காட்டும். அது நான்கு நாளும் ஒரே எண்தானா?

பொருநைக்கரை | இரவு 11.20

நண்பர் கொடுத்த இணைப்பு அது. 'டெய்லி-லைவ்' ஃபோல்டருக்குள் 'கரன்ட்', அதில் நோபிள் (24.04இன் குறிப்பெயர்) டெஸ்க்டாப் ஐஎஸ்ஓ. செக்சம் பட்டியலை வெள்ளிக்கிழமை எடுத்தேன். நீங்கள் கேட்டதும் புதிதாக எடுத்துப் பார்த்தேன், அதோடும் ஒத்துப்போகவில்லை.

டேட்டா கணக்குக்காக தினமும் திரையைப் படம் எடுத்து வைத்திருந்தேன். இப்போது பார்த்தால் வெள்ளிக்கிழமை காட்டிய மொத்த அளவும் திங்கள்கிழமை காட்டியதும் வேறு வேறு! கடைசி எட்டு இலக்கங்கள் மாறியிருக்கின்றன. அன்றைக்கு இதைக் கவனிக்கவே இல்லை.

கல்தச்சன் | ஏப்ரல் 17, காலை 6.30

சிக்கல் அங்கேதான் இருக்கிறது. 'டெய்லி' ஃபோல்டரில் இருப்பது வெளியீட்டுக்கு முந்தைய சோதனைப் பதிப்பு. அடிக்கடி புதிதாகக் கட்டி அதே பெயரில் வைப்பார்கள். 'கரன்ட்' என்பது அப்போதைய புதிய பதிப்பைக் காட்டும் ஒரு கைகாட்டி, அவ்வளவுதான். நீங்கள் வெள்ளிக்கிழமை இறக்கிய ஒன்றரை ஜிபி ஒரு பதிப்பின் தலை. பிறகு வந்தது வேறொரு பதிப்பின் உடல். ஒரே கோப்பில் இரண்டு, ஒருவேளை மூன்று பதிப்புகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன.

'மைனஸ் சி' கொடுத்தால் டபிள்யூகெட் என்ன செய்கிறது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. கையில் இருக்கும் கோப்பு எத்தனை பைட் என்று பார்க்கிறது. 'இத்தனையாவது பைட்டிலிருந்து மிச்சத்தைக் கொடு' என்று சர்வரிடம் கேட்கிறது. வந்ததை வாலில் ஒட்டுகிறது. கையில் இருப்பது சர்வரில் உள்ள கோப்பின் முற்பகுதிதானா என்று சரிபார்க்க அதற்கு வழி கிடையாது. அதன் கையேட்டிலேயே இந்த எச்சரிக்கை இருக்கிறது. அதனால்தான் உங்களுக்குப் பிழைச்செய்தி வரவில்லை. கடைசி நாள் பதிப்பின் அளவுவரை இறக்கி முடித்ததால் அளவும் கச்சிதமாகப் பொருந்திவிட்டது.

நீங்கள் செய்த முறையில் குற்றம் இல்லை. மாறாத கோப்பாக இருந்திருந்தால் இதே கட்டளை நான்கு நாள் என்ன, நாற்பது நாளானாலும் சரியாக இறக்கியிருக்கும். இணைப்பு மட்டும்தான் தவறானது.

தயவுசெய்து அந்தக் கோப்பை அழித்துவிடாதீர்கள். அதில் இருப்பதில் பெரும்பகுதி இன்னும் பயன்படும். 'இசட்சிங்க்' என்று ஒரு சின்னக் கருவி இருக்கிறது, உபுண்டுவில் மென்பொருள் நிறுவும் ஆப்ட் கட்டளை மூலமே நிறுவலாம். ஐஎஸ்ஓ பக்கத்திலேயே அதே பெயரில், கடைசியில் இசட்சிங்க் என்று முடியும் ஒரு சிறிய கோப்பு இருக்கும். அதில் முழு ஐஎஸ்ஓவும் துண்டு துண்டாக என்னென்ன என்ற கணக்கு உண்டு. கருவி உங்கள் பழைய கோப்பைத் துழாவி, பொருந்தும் துண்டுகளை எடுத்துக்கொள்ளும், இடம் மாறியிருந்தாலும் கண்டுபிடிக்கும். இல்லாததை மட்டும் இறக்கும். முடிவில் செக்சமும் அதுவே பார்த்துவிடும்.

முகவரியை 'எச்டிடிபி' என்றே கொடுங்கள். 'எஸ்' சேர்த்தால் இந்தக் கருவிக்குத் தெரியாது, பிழை காட்டி நின்றுவிடும். புதிய கோப்பு தனியாக உருவாகும், பழையதும் இருக்கும். ஆகவே டிஸ்கில் இன்னொரு 6 ஜிபி காலியாக இருக்க வேண்டும்.

பொருநைக்கரை | ஏப்ரல் 17, இரவு 11.55

கோப்பைத் துழாவவே கொஞ்ச நேரம் ஆனது. அப்புறம் '78 சதவீதம் ஏற்கெனவே இருக்கிறது' என்று காட்டியது. அந்த வரியைப் பார்த்தபோது எனக்கு வந்த நிம்மதியைச் சொல்ல முடியாது. சுமார் 1.3 ஜிபி மட்டும் இறங்கியது. செக்சம் ஒத்துப்போகிறது. லேப்டாப் பூட் ஆகி வைஃபையும் வந்துவிட்டது. மிக்க நன்றி அண்ணா.

மின்மினி | ஏப்ரல் 18, காலை 7.15

நான் தவறான பக்கம் திருப்பிவிட்டேன், மன்னிக்கவும். விண்டோஸில் செக்சம் பார்க்க தனியாக மென்பொருள் வேண்டுமா?

கல்தச்சன் | காலை 8.00

வேண்டாம். 'செர்ட்யுடில்' கட்டளை விண்டோஸிலேயே இருக்கிறது. 'மைனஸ் ஹாஷ்ஃபைல்', கோப்பின் பெயர், ஷா256 என்று வரிசையாகக் கொடுத்தால் எண்ணைக் காட்டும்.

தம்பி, ஒன்று சொல்கிறேன். பிள்ளைகள் உட்காரப்போகும் கணினிகளில் இந்தச் சோதனைப் பதிப்பைப் போடாதீர்கள். 25ஆம் தேதிவரை பொறுங்கள். இறுதி வெளியீட்டுக்கும் இசட்சிங்க் கோப்பு வரும். கோப்பின் பெயர் மாறும் என்பதால் 'மைனஸ் ஐ' கொடுத்து இப்போதைய ஐஎஸ்ஓவை மூலமாகக் காட்டுங்கள். வித்தியாசம் மட்டும் இறங்கும். ராம் 4 ஜிபிக்குக் குறைவான கணினி இருந்தால் உபுண்டு அதில் திணறும், அதன் இலகுவான வடிவமான லுபுண்டு போடுங்கள்.

பொருநைக்கரை | ஏப்ரல் 28, மாலை 5.20

இறுதி வெளியீட்டை அப்படியே எடுத்தேன். ஒரு ஜிபிக்கும் குறைவாகத்தான் செலவானது. ஐந்து கணினிகளில் போட்டாயிற்று, தமிழ்99 தட்டச்சு எல்லாவற்றிலும் வேலை செய்கிறது. ஆறாவதில் 2 ஜிபி ராம்தான் இருக்கிறது. அதற்கு லுபுண்டு இன்றிரவு தொடங்குகிறேன். இந்த முறை இணைப்பில் 'டெய்லி' இல்லை என்று பார்த்துவிட்டேன், மொத்த அளவையும் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.